ஐந்து சொட்டு மருந்தும் முப்பது ஆண்டுப் பொறுமையும்



தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆறு வாரக் குழந்தையைத் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லும் தாய்மாருக்குத் தெரியும், அன்றைக்கு ஊசி மட்டும் போடுவதில்லை. கிராம சுகாதார செவிலியர் குழந்தையின் வாயில் சொட்டு மருந்தும் விடுவார். போலியோவுக்கு ஒன்று, ரோட்டா வைரஸால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஒன்று. ரோட்டா மருந்தை மறுபடி பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும் தருவார்கள். காசு எதுவும் வாங்குவதில்லை.

ரோட்டா வைரஸுக்கு நம் நாட்டிலேயே உருவான முதல் தடுப்பு மருந்தின் பெயர் ரோட்டாவேக். ஒரு தவணைக்கு ஐந்தே சொட்டு. உயிரித் தொழில்நுட்பத் துறையை அரசு எப்படி வளர்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும், நான் முதலில் சொல்வது இந்த ஐந்து சொட்டின் கதையைத்தான்.

1980களின் நடுப்பகுதி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே. பான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். அங்கே பிறந்த பச்சிளங்குழந்தைகள் சிலரின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இல்லை. பிற்பாடு கடுமையான ரோட்டா நோயும் அவர்களை அவ்வளவாக அண்டவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது அது மனித வைரஸ்தான், ஆனால் மாட்டு ரோட்டா வைரஸின் மரபணு ஒன்று இயற்கையாகவே அதில் கலந்திருந்தது. 116இ என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

நோய் தராத வைரஸ் கையில் கிடைத்துவிட்டது, இனி மருந்து செய்ய வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கலே அங்குதான் ஆரம்பம். வைரஸைச் சுத்தப்படுத்த வேண்டும். ஆய்வகத்து உயிரணுக்களில் வளர்க்க வேண்டும். முதலில் பெரியவர்களுக்கும், பிறகு சற்று வளர்ந்த குழந்தைகளுக்கும், கடைசியாகக் கைக்குழந்தைகளுக்கும் கொடுத்து, கெடுதல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். படிக்குப் படி செலவு. எந்தப் படியிலும் வரவு கிடையாது. மருந்து கடைசியில் தேறுமா தேறாதா என்றே தெரியாத நிலையில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? போதாக்குறைக்கு, அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற ஒரு ரோட்டா மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொண்டதால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் இந்தத் துறையில் இறங்கவே பலரும் தயங்கினார்கள்.

அந்த நேரத்திலும் பின்வாங்காமல் நின்றது பொதுப்பணம். 1986இல் மத்திய அரசு உயிரித் தொழில்நுட்பத்துக்கென்றே தனித்துறை ஒன்றை அமைத்திருந்தது. அந்தத் துறையும், அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனங்களும், பின்னர் கேட்ஸ் அறக்கட்டளை போன்றவையும் சேர்ந்து இந்த ஆய்வைத் தாங்கின. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் உற்பத்திக்குப் பொறுப்பேற்றது. ஒரு தவணை மருந்தை ஏறத்தாழ ஒரு டாலருக்குள் தருவதாக அந்த நிறுவனம் வாக்குக் கொடுத்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். மக்கள் பணம் உள்ளே போனால் அதற்கு ஈடாக விலையில் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். அது இல்லாமல் கொடுக்கும் உதவி வெறும் தானம். யாருக்கு என்று மக்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

2011இல் பெரிய சோதனை தொடங்கியது. டெல்லி, புனே, நம் வேலூர் என மூன்று ஊர்களில் 6,799 குழந்தைகள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் அந்தப் பணியைச் செய்தார்கள். ஒவ்வொரு குழந்தையையும் விடாமல் தொடர்ந்து பார்த்து, எங்கே வயிற்றுப்போக்கு என்றாலும் பதிவு செய்து, குடல் செருகல் அறிகுறி தென்படுகிறதா என்று கண்காணித்தார்கள். அந்த வீடுகளின் தாய்மார்கள் நம்பி ஒத்துழைத்திராவிட்டால் இந்த மருந்து வந்தே இருக்காது. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா நோயை மருந்து சுமார் 56 விழுக்காடு தடுத்தது. அவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78,000 குழந்தைகள் இந்த வைரஸால் இறந்துகொண்டிருந்ததாக மதிப்பிடப்பட்ட காலம் அது. அதில் பாதியைத் தடுக்க முடிந்தாலே எத்தனை வீடுகளின் துக்கம் குறையும்!

2014இல் அனுமதி. 2016இல் ஆந்திரம், ஒடிசா, ஹரியானா, இமாச்சலம் ஆகிய நான்கு மாநிலங்களில் அரசே வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ரோட்டா சொட்டு மருந்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது தொடங்கிய வேலை, நரேந்திர மோடி பிரதமராக இருக்கும்போது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஆட்சிகள் எத்தனையோ மாறியும் ஆதரவு அறுந்து போகவில்லை.

இதே டாக்டர் பான் பிறகு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளரானார். அவருடைய காலத்தில், 2012இல், பைராக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. புதிய யோசனையோடு வரும் இளைஞருக்கு அது 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த மானியத்துக்குக் காலம் பதினெட்டு மாதம்தான். கருவி செய்பவருக்கு அது போதலாம், தடுப்பூசி செய்பவருக்குப் போதாது. அடுத்த கட்டத்தில் கை கொடுக்க ஆள் இல்லையென்றால் முதலில் கொடுத்ததும் வீணாகிவிடும்.

ஆதரவு அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கி வருவது. கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் இருக்கிறது. உற்பத்தித் தரவிதிகளுக்கு ஏற்ப இவை இல்லை என்று சொல்லி, இவை இரண்டின் உரிமத்தையும், இமாச்சலத்தின் கசௌலியில் உள்ள அரசுத் தடுப்பூசி நிறுவனத்தின் உரிமத்தையும் 2008 ஜனவரியில் நிறுத்திவைத்தார்கள். தரம் முக்கியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களையும் கருவிகளையும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்க வேண்டியவர் யார்? உரிமையாளரான அரசுதானே? இரண்டு ஆண்டு கழித்து அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள்; அதற்குள் தேசத்தின் தடுப்பூசித் திட்டம் தனியார் உற்பத்தியையே பெரும்பாலும் நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

பிறகு செங்கல்பட்டு. 2012இல் மத்திய அமைச்சரவை ஒப்புதலோடு, 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். கட்டடம் எழுந்தது, இயந்திரங்கள் வந்தன. 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு நாடே வரிசையில் நின்றபோது அங்கிருந்து ஒரு குப்பிகூட வெளியே வரவில்லை. அந்த மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் சென்று பார்த்தார்; வளாகத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று மத்திய அரசைக் கேட்டார்.

ரோட்டாவேக்குக்கு இருந்து செங்கல்பட்டுக்கு இல்லாமல் போனது எது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரோட்டாவேக்குக்கு ஆராய்ச்சி செய்தவரும் தயாரித்தவரும் விலையும் முன்பே முடிவாகியிருந்தன. கடைசியில் வாங்குபவராக அரசே வந்து நின்றது. செங்கல்பட்டில் கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும்தான் பணம் போனது. எந்தத் தடுப்பூசி, யாருடைய தொழில்நுட்பம், ஆண்டுக்கு எத்தனை லட்சம் டோஸ், என்ன விலைக்கு யார் வாங்குவது என்பதையெல்லாம் அடிக்கல் நாட்டும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை உயிரித் தொழில்நுட்பத்துக்கு இத்தனை கோடி என்று செய்தியில் கேட்டால், அந்த நான்கு விவரங்களும் கூடவே வருகின்றனவா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.