கண் பெரிசா இருந்தா குற்றமா?

(மானாம்பதியில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ஜப்பான் கார்ட்டூன் படங்களில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகள் ரசிகர்களா, கிறுக்கர்களா? ‘ரசிகர்களே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! தைப் பனியிலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற மானாம்பதிப் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணியிலே பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “இருபது வயசுப் பையன் கார்ட்டூன் பார்க்கிறானே, இவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா?”ன்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நடுவர் அவர்களே, இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால் எங்க தாத்தாவைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருக்காங்க. அவர் கார்ட்டூன் பார்க்கலை. கூத்துப் பார்த்தார்!

எங்கே பாரதக் கூத்து என்றாலும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். செய்யாறு பக்கம் புரிசை வரைக்கும் நடந்தே போவார். பெண் பார்க்கப் போன இடத்தில், “பையன் நல்ல பையன்தான். ஆனா கூத்துக் கிறுக்காமே!” என்று ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததனால்தான் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். (சிரிப்பு)

அந்தக் கிறுக்குத் தாத்தா தோள்மேல் உட்கார்ந்துதான் நான் முதன்முதலில் பாரதம் கேட்டேன். கர்ணன் யார், துரியோதனன் யார் என்று எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை. அந்த அனுபவம்தான் பின்னாலே என்னைத் தமிழ் படிக்க வைத்தது, முனைவர் பட்டம் வாங்க வைத்தது. கிறுக்கு என்று ஊர் சொன்னது எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது, நடுவர் அவர்களே!

சரி, முன்வரிசையில் ஒரு பாட்டி, “அது என்னப்பா அனிமே?” என்று பக்கத்திலே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ‘அனிமேஷன்’ என்ற சொல்லை ஜப்பான்காரர்கள் சுருக்கி ‘அனிமே’ என்று ஆக்கிக்கொண்டார்கள். வரைந்த படம் அசைகிறது, பேசுகிறது, அவ்வளவுதான். 1963இல் ஒசாமு தெசூகா என்ற கலைஞர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்ற தொடரை வாராவாரம் டி.வி.யில் கொண்டுவந்தார். அவர் டாக்டருக்குப் படித்தவர். புத்தருடைய வாழ்க்கையைப் பல பாகங்களாகப் படக்கதையாக வரைந்தவர். வாராவாரம் படம் கொடுக்க வேண்டும், கையிலே காசு குறைவு. என்ன செய்வது? உடம்பை அதிகம் அசைக்காமல், முகத்தை வைத்துக் கதை சொன்னார்கள். கண்ணைப் பெரிசாக்கி, அந்தக் கண்ணையே பேச வைத்தார்கள்.

“கண்ணு என்ன இவ்வளவு பெரிசா, பயமா இருக்கு”ன்னு எதிரணி நண்பர் சொன்னார். ஐயா, நம்ம கூத்து வேஷத்தை நீங்க பார்த்ததே இல்லையா? கிரீடம் ஒரு முழம், தோளில் புஜகீர்த்தி, துரியோதனனுக்குச் சிவப்பு முகம், கண்ணனுக்குப் பச்சை முகம், கண்ணைச் சுற்றி வளைத்து வளைத்து மை! ஏன்? கடைசி வரிசையிலே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் அவன் கோபம் தெரியணும், அவன் அழுகை தெரியணும். நம்ம கூத்துக் கலைஞர் அரிதாரத்தால் செய்ததை அவன் பென்சிலால் செய்கிறான். கண் பெரிசா இருந்தா குற்றமா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

“ஒரு கதையை ஆயிரம் பகுதி பார்க்கிறானே” என்றார்கள். உண்மைதான். ‘ஒன் பீஸ்’ என்று ஒரு தொடர் 1999இல் ஆரம்பித்தது, 1,100 பகுதிகளைத் தாண்டிவிட்டது. ஆனால் இதை நீங்கள் வேறு ஊரில் போய்ச் சொல்லலாம், மானாம்பதியில் சொல்லக் கூடாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து, கடைசி நாள் படுகளம் என்று உட்கார்ந்து பார்க்கிற மண் இது. நீண்ட கதைக்கு ஏங்குகிற மனசு நம்ம மனசு. அது நம்ம பிள்ளைக்கு வராமல் யாருக்கு வரும்?

சரி, அந்தக் கதைகளில் என்னதான் இருக்கிறது? ‘நருட்டோ’ என்று ஒரு பையன். அப்பா அம்மா இல்லாதவன். ஊரே ஒதுக்கி வைக்கிறது. “உங்க எல்லாருக்கும் ஒருநாள் நான் யாருன்னு காட்டுறேன்” என்று எழுந்து நிற்கிறான். இது கர்ணன் வலி இல்லையா? ‘டீமன் ஸ்லேயர்’ என்று இன்னொன்று. அதன் திரைப்படம் ஒன்று 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடும் நம்ம தியேட்டர்களுக்கு வந்தது. கதாநாயகன் கரி விற்கிற வீட்டுப் பிள்ளை. அரக்கன் வந்து குடும்பத்தையே அழித்துவிடுகிறான். மிஞ்சிய ஒரே தங்கச்சியும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை வெட்டாமல், ஒரு பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, மறுபடி மனுஷியாக்க வழி தேடி அலைகிறான் அண்ணன். அம்மா, இது ஜப்பான் ‘பாசமலர்’ அம்மா! (சிரிப்பு, கைதட்டல்) 1961இல் நீங்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தீர்களே, உங்கள் பேரன் இன்று போர்வைக்குள்ளே துடைக்கிறான். அழுகை ஒன்றுதான்.

அப்புறம் ஏன் இந்தக் கேலி? நடுவர் அவர்களே, இந்தக் கேலிக்கு வேர் ஒரே ஒரு தப்பான எண்ணம். “வரைந்த படமா, அது சின்னப் பிள்ளைக்கு” என்கிற எண்ணம். இந்த ஒரு எண்ணம் இரண்டு கெடுதல் செய்கிறது. இருபது வயசுக்காரன் பார்த்தால் “உனக்கு வயசு வரலை” என்று சிரிக்கிறோம். ஆறு வயசுக் குழந்தை பார்த்தால் “கார்ட்டூன்தானே” என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம்.

‘ஷின்சான்’ எல்லாருக்கும் தெரியும். அதன் மூலக்கதை 1990இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கிற பத்திரிகையில் வந்தது. இங்கே குழந்தைகள் சேனலில் போட்டார்கள். குழந்தைகள் அவனைப் போலவே எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று புகார் கிளம்பி, 2008இல் தடையே வந்தது. அப்புறம் வெட்டித் திருத்தித் திரும்ப வந்தது. தப்பு யார்மேல்? சின்னப் பிள்ளைக்கு உரியது எது, வளர்ந்தவனுக்கு உரியது எது என்று பிரித்துப் பார்க்காத நம்மேல். எதிரணியினர் சொன்ன ரத்தம், வன்முறை, ராத்திரி இரண்டு மணி வரை முழிப்பு எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்கிறேன். அது கண்டிக்க வேண்டிய விஷயம். ஆனால் கண்டிக்கிறவனுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கணும் இல்லையா?

ஜப்பானிலேயே இந்த ரசிகர்கள் பட்ட பாடு பெரிது. அவர்களை ‘ஒட்டாக்கு’ என்பார்கள். நம்ம காதுக்கு ‘யாரோடும் ஒட்டாதவன்’ மாதிரி கேட்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘உங்கள் வீடு’. எதிரில் நிற்பவரை ‘தாங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லும் சொல் அது. இந்த ரசிகர்கள் ஒருவரை ஒருவர் அப்படி அழைத்துக்கொண்டதால் 1983இல் அதையே கேலிப்பெயராக்கினார்கள். 1989இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ டேப்புகள் இருந்தன. அவ்வளவுதான், அந்த ஒரு கொடியவனை வைத்து ஊரிலுள்ள ரசிகர்கள் அத்தனை பேரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். மரியாதைச் சொல் வசைச் சொல் ஆயிற்று. ‘கூத்தாடி’ என்ற தொழில் பெயரை நாம் வசையாக்கவில்லையா? அதே கதைதான்.

“அந்நிய நாட்டுச் சரக்கு” என்றார் இன்னொருவர். ஐயா, உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்ததே, முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’, அந்த மாயாவி என்ன மானாம்பதிக்காரரா? இங்கிலாந்துக்காரர்! பூகோளப் புத்தகத்துக்குள்ளே மறைத்து வைத்துப் படித்துப் பிரம்படி வாங்கினோம். அந்தத் தலைமுறைதான் இன்றைக்கு மேடையேறிப் புத்தி சொல்கிறது. (சிரிப்பு)

நம்ம ரஜினிகாந்த் நடித்த ‘முத்து’ 1998இல் ஜப்பானில் ‘ஆடும் மகாராஜா’ என்று பெயர் வைத்து வெளியாகி, டோக்கியோவில் 20 வாரங்களுக்கு மேல் ஓடியது. ஜப்பான்காரர்கள் அந்தப் பாட்டுக்கு ஆடினால் நாம் பெருமையாகப் பேப்பரில் படிக்கிறோம். நம்ம பிள்ளை அவர்கள் கதைக்கு அழுதால் கிறுக்கனா?

பக்கத்திலே உத்திரமேரூர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், குடவோலைக்கு யார் தகுதி, யாருக்குத் தகுதி இல்லை என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, திருடியவன் நிற்கக் கூடாது என்று காரணம் சொல்லித்தான் ஒதுக்கினார்கள். அந்தப் பட்டியலில் ‘கூத்துப் பார்த்தவன்’ இல்லை நடுவர் அவர்களே! காரணம் சொல்லாமல் ஒருவனை ஒதுக்குவது இந்த மண்ணின் பழக்கம் இல்லை. (பலத்த கைதட்டல்)

இவ்வளவு நேரம் அடுத்தவர்களைச் சொன்னேன். இப்போது என்னைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் படம் வரைவான். எல்லாம் இந்த அனிமே முகங்கள்தான். உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். அவன் பையிலிருந்து நோட்டை நானே எடுத்தேன். மேடைப் பேச்சாளன் இல்லையா, நாக்கு சும்மா இருக்குமா? “இதோ பாருங்க, முடி ஊதா கலரு, கண்ணு இட்லித் தட்டு, மூக்கைக் கடையிலே மறந்துட்டு வந்துட்டான்” என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனும் சிரித்தானே, அதுதான் இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. அன்று முதல் அந்த நோட்டை நான் பார்க்கவில்லை. இரண்டு வருஷம், “சாப்பிட்டியா?” “ம்.” “பரீட்சை எப்போ?” “அடுத்த வாரம்.” இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

2025 ஜனவரியில் ஒருநாள் கதவருகே வந்து நின்றான். “அப்பா, ஒரு படம் வந்திருக்கு. ஜப்பான்காரங்க வரைஞ்ச ராமாயணம். தமிழ்லயே இருக்கு. வர்றீங்களா?” என்றான்.

அந்தப் படத்துக்கும் ஒரு கதை உண்டு. 1983இல் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ராமகாதையில் மனம் பறிகொடுத்தார். அனிமேயாக எடுக்க ஆசைப்பட்டார். “அந்நியன் எப்படி எடுக்கலாம், ராமாயணத்தைக் கார்ட்டூனாக்குவதா?” என்று இங்கிருந்து எதிர்ப்பு போனது. அவர் விடவில்லை. நம்ம நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 450 கலைஞர்கள், ஏறத்தாழ 1 லட்சம் கைவரைபடங்கள் என்று உழைத்து முடித்தார். 1993இல் வெளிவந்த படம், நம்ம தியேட்டர்களில் தமிழ் பேச 32 வருஷம் ஆயிற்று. இதைப் பார்க்க யூகோ சாகோ உயிரோடு இல்லை. கம்பனையே திருவரங்கத்தில், “வால்மீகி சொல்லாத இரணியன் கதையை நீ எப்படிப் பாடலாம்?” என்று கேட்டதாகக் கதை சொல்வார்கள். யார் சொன்னார்கள் என்று பார்க்கிற கூட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

போனேன். அசோகவனத்தில் சீதையை அனுமன் காணும் இடம். முப்பது வருஷமாகக் கம்பன் சொல்லிக் கொடுக்கிறவன் நான், கண் கலங்கிப் போச்சு. திரும்பிப் பார்த்தால், என் மகன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், “கம்பர்ல இந்த இடம் எப்படிப்பா வரும்?” என்று கேட்டான். வீடு வந்து, ராத்திரி ஒரு மணி வரை பேசினோம். கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்து நீட்டினான். புரட்டினேன். நடுப்பக்கத்தில் படுகளத் துரியோதனன். சின்ன வயதில் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், என் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தது. மண்ணிலே மல்லாந்து கிடக்கிறான். கண் மட்டும் இட்லித் தட்டு மாதிரி பெரிசு. அந்தக் கண்ணிலே தண்ணீர்.

நான் சிரிக்கவில்லை, நடுவர் அவர்களே.

அதனால் பெற்றோர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். கூத்தில் திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நிற்கும்போது கட்டியங்காரன் என்ன செய்வான்? “போ உள்ளே” என்று விரட்டுவானா? “வருவது யார்? எந்த தேசம்? என்ன சேதி?” என்று கேட்பான். கேட்டால்தான் வேஷம் வெளியே வரும், கேட்டால்தான் கதை நடக்கும். உங்கள் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒரு கதையோடு நின்றுகொண்டிருக்கிறான். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் உட்காருங்கள். “யாருப்பா இது? எந்த ஊரு? ஏன் அழறான்?” என்று கேளுங்கள். கேட்ட பிறகு கண்டிக்க வேண்டுமென்றால் கண்டியுங்கள்.

அவர்கள் கிறுக்கர்கள் அல்லர், ரசிகர்களே என்று சொல்லி, என் தாத்தாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துத் தீர்ப்பு எழுதுமாறு நடுவரைக் கேட்டு விடைபெறுகிறேன்.