வேலை போனால் வைத்தியமும் போவதா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்” என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அஃது ஒரு செல்வந்த நாட்டிலே, விதியினாலன்றி, மனிதர் வகுத்த ஏற்பாட்டினாலேயே எவ்வாறு உண்மையாகின்றது என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன். ஐக்கிய அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயுற்று, உத்தியோகத்தையும் அதனோடு காப்புறுதியையும் இழக்கும் பெண்களைப் பற்றியதே என் பேச்சு.

அந்நாட்டில் எட்டுப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகின்றது. அவர்களிற் பலர் உழைக்கும் வயதினர். 65 வயதுக்குட்பட்ட அமெரிக்கரில் பெரும்பாலோரின் வைத்தியச் செலவைத் தாங்குவது தொழில் வழியாகக் கிடைக்கும் காப்புறுதியே. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல், அரசாங்கம் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியது. காப்புறுதி போன்ற சலுகைகளுக்கு அக்கட்டுப்பாடு இருக்கவில்லை. ஆள் தேடி அலைந்த முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதியைக் காட்டி ஆட்களைச் சேர்த்தனர். 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கையும் உறுதி செய்தது. யுத்தகால உபாயம் நிரந்தர வழக்கமாயிற்று.

இதன் விளைவைச் சற்றே சிந்தியுங்கள். நோய் வந்தால் உடல் தளரும்; உடல் தளர்ந்தால் வேலை போகும்; வேலை போனால் காப்புறுதி போகும். வைத்தியம் மிகவும் வேண்டிய வேளையிலே வைத்தியத்துக்குரிய பணம் நின்றுவிடும். இந்நோயோ சத்திரசிகிச்சையோடு முடிவதன்று. மருந்தேற்றுதல் பல மாதம். கதிர்ச்சிகிச்சை பல வாரம். பலருக்கு மாத்திரை ஐந்து முதல் பத்து ஆண்டு வரை. ஆகவே, படுக்கையில் இருக்க வேண்டிய நாளிலும், காப்புறுதியைக் காப்பாற்றுவதற்காகவே கந்தோருக்குச் செல்லும் பெண்கள் அங்கு உளர்.

அந்நாட்டார் இதைக் கண்டும் வாளாவிருந்தார்களா? இல்லை. பல கதவுகளைத் திறந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பூட்டு உண்டு.

1993ஆம் ஆண்டின் சட்டம் நோயாளிக்கு வருடத்தில் 12 வார லீவு தருகின்றது. வேலையும் காப்புறுதியும் காக்கப்படும். ஆனால் அந்த லீவுக்குச் சம்பளமில்லை. 50 பேருக்குக் குறைந்த தனியார் தொழில் நிலையங்களை அச்சட்டம் கட்டுப்படுத்துவதுமில்லை.

‘கோப்ரா’ என வழங்கும் 1986ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, வேலை இழந்தவர் பொதுவாக 18 மாதம் பழைய காப்புறுதியையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலாளி செலுத்திவந்த பங்கையும் அவரே செலுத்த வேண்டும். நிருவாகச் செலவோடு நூற்றுக்கு 102 வரை கேட்கலாம். சம்பளம் நின்றவளிடம் முன்னிலும் பன்மடங்கு பணம் கேட்பது எத்தகைய உதவி?

2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் கருணை மிக்கது. காப்புறுதியற்ற பெண்ணுக்கு அரசாங்கப் பரிசோதனைத் திட்டத்தின் வழியாக இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டால், வறியோருக்கான ‘மெடிக்கெயிட்’ நிதியிலிருந்து சிகிச்சை அளிக்க அது வழிசெய்தது. ஆயினும், அத்திட்டத்தின் பணத்தாற் பரிசோதிக்கப்பட்டவர்களையே ஏற்கும் மாநிலங்களும் உள. காப்புறுதி இருந்த காலத்தில் நோய் கண்டறியப்பட்டு, பின்னர் வேலை இழந்தவள் அங்கே வாசலில் நிற்க நேரிடலாம்.

அங்கவீனருக்கான கொடுப்பனவு உண்டு. அதற்கு முழுமையாக ஐந்து மாதம் காத்திருத்தல் வேண்டும். அதன்மேல் ‘மெடிக்கெயர்’ காப்புறுதிக்கு மேலும் 24 மாதம். உடலெங்கும் பரவிய புற்றுநோய்க்கு 29 மாதம் பொறுத்திருக்கத் தெரியுமா?

2010ஆம் ஆண்டின் சட்டமே பெரிய கதவு. 2014 முதல், ‘உனக்கு ஏற்கெனவே நோய் உண்டு’ என்று கூறிக் காப்புறுதி மறுக்க முடியாது. வேலை வழிக் காப்புறுதியை இழந்தவர் 60 நாட்களுக்குள் வேறொன்றைப் பெறலாம். வருமானத்துக்கேற்ற உதவியும் உண்டு. இலாபம் கருதாத வைத்தியசாலைகள் வறியோருக்கான உதவித் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டுமென்றும் அச்சட்டம் பணித்தது. ஆனால் 60 நாள் கடந்தால், பெரும்பாலும் அடுத்த பதிவுக் காலம் வரை காத்திருக்க வேண்டும்.

அன்பர்களே, இந்த 60 நாளைக் கவனியுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து, தலைமயிர் உதிர்ந்து, வீட்டு வாடகைக்கு வழி தேடும் ஒருத்தி அந்நாட்களில் இத்தனை பத்திரங்களையும் வாசித்துத் தெரிவுசெய்ய வேண்டும். பணம் கொடுப்பது ஓர் உதவி. எந்தக் கதவு எந்நாள் மூடும் என்று சொல்லிக் கொடுப்பதும் அதற்குக் குறையாத உதவி. அதனாலேதான் அங்குள்ள பெரிய வைத்தியசாலைகளில் நோயாளிக்கு வழிகாட்டுவதற்கென்றே சமூக சேவையாளரை நியமித்திருக்கிறார்கள். 1913இல் தோன்றிய அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தூர இடத்து நோயாளருக்கு இலவசத் தங்கும் விடுதிகளை நடத்துகின்றது.

‘இது பிறநாட்டுக் கதை, நமக்கென்ன?’ என்று கேட்கலாம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வேலை போனவளையும் வாசலில் நிறுத்திக் காப்புறுதி கேட்பாரில்லை. அதன் அருமையை அமெரிக்கப் பெண்ணின் நிலையைக் கண்டால் அறிவோம். ஆயினும் நாட்கூலிக்காரி வைத்தியசாலையிற் கழிக்கும் நாளுக்குக் கூலியில்லை. பஸ் செலவும் பிள்ளைகளின் சாப்பாடும் காத்திருப்பதில்லை. அந்தச் சிறு இடைவெளியை நிரப்பப் பெருநிதி வேண்டியதில்லை. கூடச் செல்ல ஒருவர், பத்திரம் நிரப்ப ஒருவர், ஒரு மாதச் செலவுக்கு ஒரு சிறு நிதி ஆகியன நம்மைப் போன்ற சங்கத்தால் இயலாதனவல்ல.

நோயைத் தடுப்பது சிலவேளை நம் கையில் இல்லை. பட்ட காலிலே மீண்டும் படாமல் ஒரு கல்லையாவது அகற்றுவது நம் கையில் உண்டு. இவ்வேண்டுகோளைச் சங்கத்தார் ஆலோசிப்பார்கள் என்று நம்புகின்றேன்.