பூட்டிய களஞ்சியம் யாருடையது?



ஆதிக் கிறிஸ்தவர்களின் இரக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடலளவு விஷயம், நான் ஒரே ஒரு பஞ்சத்தையும் ஒரே ஒரு மனிதரையும் பற்றிப் பேசுகிறேன்.

இன்றைய துருக்கியில் கைசேரி என்று ஓர் ஊர். அன்றைக்கு அது செசரேயா, கப்பதோக்கியாவின் தலைநகர். கி.பி. 369 வாக்கில் அங்கே மழை பொய்த்தது. துறைமுகப் பட்டினமாக இருந்தால் கப்பலில் தானியம் வந்து இறங்கியிருக்கும். இதுவோ கடலை விட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும் மேட்டு நிலம். வெளியிலிருந்து வழி இல்லை. உள்ளூரில் தானியம் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பூட்டி வைத்தார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள்!

அந்த ஊர்ச் சபையில் அப்போது குருவாக இருந்தவர் பசிலியார். நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை, ஏதென்சில் படித்தவர். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டு, அன்றிரவே செத்துப்போன பணக்காரனின் கதை லூக்கா நற்செய்தியில் உண்டு. அந்தக் கதையை வைத்து அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அதில் ஒரு தகப்பனைக் காட்டுகிறார். வீட்டில் ஒரு மணி தானியம் இல்லை. பிள்ளைகளில் ஒருவனை விற்றால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். யாரை விற்பது? மூத்தவனையா, தலைப்பிள்ளை ஆயிற்றே! இளையவனையா, பால்மணம் மாறவில்லையே! இவனுக்குப் பெற்றவர்களின் முகஜாடை. அவனுக்கோ நல்ல படிப்பு. கடைசியில் கண்ணீரோடு ஒருவனை அழைத்து வருகிறான். தானியக்காரன் அப்போதும் பேரம் பேசுகிறான்!

‘என் பொருளை நான் வைத்திருப்பதில் என்ன குற்றம்?’ என்று கேட்பவருக்கும் பசிலியார் பதில் வைத்திருந்தார். கூத்துப் பார்க்க முதலில் வந்து உட்கார்ந்தவன், பின்னால் வருகிறவர்களை உள்ளே விடாமல் அரங்கமே தனக்குச் சொந்தம் என்றால் ஒப்புக்கொள்வோமா? பொதுவில் கிடந்ததை முந்தி வந்து எடுத்துக்கொண்ட செல்வனும் அப்படித்தான் என்றார். நீ பதுக்கிய ரொட்டி பசித்தவனுடையது, பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டை உடுக்கத் துணி இல்லாதவனுடையது என்பது அவர் கணக்கு. கொடுத்தால் வள்ளல் என்று உலகம் சொல்லும். கொடுக்காவிட்டால் கள்வன் என்றார் பசிலியார்.

பேசிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. பிரசங்கம் களஞ்சியங்களைத் திறக்க வைத்தது. பட்டினியால் துவண்ட ஆண், பெண், குழந்தைகளைத் திரட்டி, கஞ்சியும் உப்பிட்ட இறைச்சியும் தாமே பரிமாறினார் என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் பதிவு செய்திருக்கிறார். யூதப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார் பசிலியாரின் தம்பி நிசா கிரகோரியார்.

370-இல் ஆயரான பிறகு, நகரத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் இல்லங்கள் எழுப்பினார். மருத்துவர்கள், தாதியர், தொழிற்கூடங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஆளுநரிடம் கோள் சொன்னவர்களும் இருந்தார்கள். ‘இதனால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று ஆளுநருக்கே கடிதம் எழுதிக் கேட்டார். 379-இல் அவர் மறைந்த பின்னும் அந்த இடத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. அது செயலால் நிலைத்த பெயர்.

பெரியோர்களே, நாம் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறோம். மிஞ்சியதைக் கொடுப்பது தானமே அல்ல, வாங்கிய கடனை அடைப்பது என்பதுதான் பசிலியார் விட்டுச்சென்ற பாடம். கடன் அடைத்தவன் கல்வெட்டு வைப்பதில்லை. நாமும் வைக்க வேண்டாம், முதலில் அடைப்போம்.