களத்துத் தரை வெடிக்காமல் இருக்க...

இன்றைக்கு விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. விளைந்த நெல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறோமே, அந்தக் களத்தைப் பற்றியும், அதைவிட முக்கியமாகக் களத்துக்கு அடியிலே கிடக்கிற மண்ணைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

தாமிரவருணிப் பாசனத்திலே கார் அறுவடை புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் வருகிறது. அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வாசலில் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் அறுத்த கதிரைக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, சூடடித்து, பொலி தூற்றி முடிப்பதற்குள் நெல் தானாகவே ஓரளவு உலர்ந்துவிடும். இப்போது இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. ஈர நெல் குவியலாக வந்து விழுகிறது. கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதம் என்பதுதான் வழக்கமான வரம்பு. மழை மிஞ்சிய வருஷங்களில் அரசு கொஞ்சம் தளர்த்தும், அதை நம்பி நெல்லைப் போட்டு வைக்க முடியுமா?

அதனால்தான் நெல் ரோட்டுக்கு வருகிறது. தார் ரோட்டுச் சூட்டில் நெல் மேலே காய்ந்து உள்ளே காயாமல் கீறல் விழுகிறது. அரைக்கும்போது குருணையாகப் போகிறது. ராத்திரி வண்டியில் வருகிறவன் அந்த நெல்லில் சறுக்கி விழுந்தால் அது யாரால் தாங்குகிற பழி?

சரி, களம் கட்டுவோம் என்று கட்டியவர்கள் கதையைக் கேளுங்கள். சேரன்மகாதேவி பக்கம் ஒரு அண்ணாச்சி என்னிடம் வந்து, “சார், அம்பது மூட்டை சிமெண்டு போட்டுக் கட்டின களம். ரெண்டு மழைக்குத் தாங்கல. நடுவுல பொளந்து ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கி. சிமெண்டுல கலப்படமா இருக்குமோ?” என்றார். போய்ப் பார்த்தேன். சிமெண்டில் குற்றமில்லை. களம் உட்கார்ந்திருந்தது வயலோரத்துக் களிமண்ணில்.

குளிர் நாடுகளிலும், நம் நாட்டிலே லடாக் போன்ற இடங்களிலும், தரைக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. உறையும்போது தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். கல்லையும் கான்கிரீட்டையும் பிளந்துவிடும். நம்மூரில் அந்த உறைபனி கிடையாது. ஆனால் அந்த வேலையை இங்கே களிமண் செய்கிறது. மழைக்கு நீரைக் குடித்து உப்புகிறது. பங்குனி, சித்திரை வெயிலுக்குச் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆற்றங்கரைக் களிமண்ணுக்கும் இந்தக் குணம் கூடவோ குறையவோ உண்டு. வருஷா வருஷம் அடியிலே தூக்கியும் இறக்கியும் ஆட்டினால் மேலே எத்தனை மூட்டை சிமெண்டு போட்டு என்ன?

உங்கள் மண் எப்படி என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். களம் போடுகிற இடத்தில் முழ ஆழத்து மண்ணை எடுத்துக் காயவைத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளரில் இரண்டிரண்டு கரண்டி மண் போட்டு, ஒன்றிலே தண்ணீரும் மற்றதிலே மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி வையுங்கள். மண்ணெண்ணெய் இப்போது அருமைப்பட்ட பொருள்தான், ஒரு சின்னக் கிண்ணம் போதும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. மறுநாள் இரண்டு டம்ளரிலும் படிந்திருக்கிற மண்ணின் உயரத்தை அளந்து பாருங்கள். தண்ணீரில் இருப்பது ஒன்றரைப் பங்குக்கு மேல் இருந்தால் அந்த மண்ணின் மேல் நேராகக் களம் போடாதீர்கள். மண் ஆய்வுக்கூடங்களில் செய்கிற சோதனையும் இதே முறைதான்.

அப்படிப்பட்ட மண்ணுக்கு என்ன செய்ய? அதைத் தோண்டி எடுத்துவிட்டு உப்பாத மண்ணை நிரப்ப வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கட்டி என்பவர் 1970-களில் ஆராய்ந்து, கரிசலின் மேல் உப்பாத மண்ணை ஒரு மீட்டர் கனத்துக்குப் போட்டால் அடிமண் அடங்கிக் கிடக்கும் என்று காட்டினார். கால்வாய்களுக்கு அது சரி. நெற்களத்துக்கு அவ்வளவு செலவு செய்ய நம்மால் ஆகாது. ஒன்றரை அடியாவது எடுங்கள், செம்மண் கலந்த சரளை நிரப்புங்கள். வெறும் மணலைக் கொட்டி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தப்பு. மணல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடியிலே குளம்போல் நின்று களியை இன்னும் உப்பவைக்கும்.

சரளை ஒரே தடவையாகக் கொட்டாமல் அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்றால், கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. தோண்டின குழியின் அடிமண்ணும் அதே பதத்தில் இருக்கட்டும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற மண்ணின் மேல் அப்படியே நிரப்பினால், ஐப்பசி மழைக்கு அது உப்பியே தீரும். சரள் கிடைக்காத இடத்தில், எடுத்த மண்ணையே பொடித்து 100 கிலோவுக்கு 4 அல்லது 5 கிலோ நீற்றின சுண்ணாம்பு கலந்து, நனைத்து ஒரு நாள் போட்டுவைத்து இடிக்கலாம். உப்புகிற குணம் வெகுவாகக் குறையும். சுண்ணாம்பு வேலை கையைப் புண்ணாக்கும், கண்ணுக்கும் ஆகாது, கவனம்.

களம் சுற்றிலும் உள்ள தரையைவிட ஓரடி உயர்ந்திருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுங்கள், 30 அடிக் களத்துக்கு நாலரை அங்குலம் வரும். நெல் ஓடாது, தண்ணீர் ஓடிவிடும். அந்தத் தண்ணீர் களத்தின் காலடியிலேயே தேங்காமல் வாய்க்கால் வெட்டித் தூரத்தில் விடுங்கள். வீட்டு அங்கணக் குழித் தண்ணீரை ஒரு ஓரத்தில் மட்டும் விட்டால் அந்த ஓரம்தான் முதலில் தூக்கும். வேம்பு களத்துக்கு நிழல் என்று பக்கத்திலே வைக்காதீர்கள். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி இருக்கட்டும். அது கோடையில் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்படி வெள்ளம் பாய்ந்தால் தளத்தின் ஓரத்துக்கு அடியில் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும், தளம் அந்தரத்தில் நிற்கும். ஆகவே சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கருங்கல் கட்டு ஒன்று இறக்கிவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதிலாவது குறையுங்கள்.

கான்கிரீட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குல ஜல்லி, கனம் நாலு அங்குலம். டிராக்டர் ஏறுவதானால் ஆறு அங்குலம். 30-க்கு 30 அடிக் களத்துக்கு நாலு அங்குல கனத்தில் 55 மூட்டை சிமெண்டு வரை ஆகும். அந்தக் களத்தில் ஒன்றரை அங்குல கனத்தில் பரப்பினால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக நெல் காயும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் நல்ல எம்-சாண்ட் போதும். ஆனால் தூசி அதிகம் உள்ளதை வாங்காதீர்கள். ஆற்றின் கடைமடையில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதைக் கலவைக்கு எடுக்க வேண்டாம். மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகவிடாதீர்கள். கொத்தனாருக்கு இழுக்க லேசாக இருக்கட்டும் என்று குழம்பாகக் கரைப்பதுதான் பாதிக் களங்களைக் கெடுக்கிறது.

முழுக் களத்தையும் ஒரே பாளமாகப் போடாதீர்கள். பத்தடிக்குப் பத்தடி கட்டமாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று வார்த்து, இடைவெளியில் தாரும் மணலும் அடையுங்கள். வெயிலில் 30 டிகிரி சூடு ஏறினால் முப்பது முப்பத்திரண்டு அடி நீளத் தளம் 3 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் அது தானாக இடம் பண்ணிக்கொள்ளும். வார்த்த மறுநாளிலிருந்து பாத்தி கட்டி, 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும்.

ஏற்கெனவே வெடித்த களம் வைத்திருப்பவர்கள் உடனே மேலே சிமெண்டு பூசிக் காசைப் போக்க வேண்டாம். முதலில் தண்ணீர் ஒதுங்க வழி செய்து, வெடிப்பைத் தாரால் அடைத்து, ஒரு மழை, ஒரு கோடை பாருங்கள். ஆட்டம் நின்றிருந்தால் மேல்பூச்சு போடலாம். நிற்காவிட்டால் அந்தக் கட்டத்தை மட்டும் உடைத்து அடிமண்ணை மாற்றுங்கள். அந்த அண்ணாச்சி அப்படித்தான் செய்தார். ஒன்பது கட்டத்தில் நாலு கட்டம் மாற்ற வேண்டியிருந்தது. பிசான அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கினால் கார் நெல் வருவதற்குள் களம் தயாராகிவிடும்.