களைப்பைச் சொல்ல ஒரு இடம் வேணும்

நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. மனசில் இருக்கிறதைச் சொல்கிறேன்.

சேமிப்பு, கடன் பற்றி முன்னாடி பேசினவங்க நல்லாச் சொன்னாங்க. நான் களைப்பைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு எதுவுமே பிடிக்காமல் போச்சு. தண்ணி எடுக்கிறது, சமையல், பிள்ளைங்க, காட்டு வேலை, விறகு, படுத்த படுக்கையா இருந்த மாமியாருக்குப் பணிவிடை. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் கை கால் ஓடாது. அழுகைகூட வரலை. சோம்பல் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சுகாதார நிலையத்து நர்சம்மாதான் உட்கார வைத்து, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாங்க. ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தாங்க.

கூட்டத்துக்கு நான் வராததைப் பார்த்துக் குழுவிலிருந்து வீட்டுக்கே வந்தாங்க. அபராதம் பற்றிப் பேசவே இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஒருத்தர் என்று முறை வைத்து மாமியாரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஓய்வில்தான் எனக்கு மறுபடி தூக்கம் வந்தது.

அப்புறம் குழுவில் ஒரு கணக்குப் போட்டோம். எந்த வேலை நம்மை அதிகமா வாட்டுது? எல்லோரும் சொன்னது சாமை குத்துறது. உமி லேசில் போகாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, திரும்பவும் குத்தணும். சாமையும் திணையும் விளைந்த காட்டில் மரவள்ளி ஏறினதுக்குக் கிழங்கு விற்ற காசு ஒரு காரணம், இந்தக் குத்துற பாடும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம்ம கொல்லிமலையில் சிறுதானியத்தைக் காப்பாற்ற வேலை செய்தபோது, உமி நீக்கும் மெஷினையும் சில ஊர்களுக்குக் கொண்டுவந்தது அதனால்தான். எங்க ஊரில் மெஷின் இல்லை. 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எங்க கை மட்டும் உலக்கையிலேயே இருந்தது.

கிராம சபையில் மனுவைப் படிக்க என்னைச் சொன்னார்கள். ஆகஸ்ட் 15 அன்று படித்தேன், கை நடுங்கியது. பதில் இல்லை. அக்டோபர் 2 அன்று திரும்பவும் கேட்டோம். ஜனவரி 26 அன்று தீர்மானம் எழுதினார்கள். மெஷின் இன்னும் வரலை. தீர்மான நகல் எங்க கையில் இருக்கு. இன்னார் மருமகள் என்று கூப்பிட்டவங்க இப்போ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முதியோர் பென்ஷன் மனு எழுதச் சொல்லி வர்றாங்க. காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஆனால் ஊர் வேலையும் ஒருத்தி தலையிலேயே விழுந்தால் அதுவும் களைப்புதான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய் வர ஒரு நாள் முழுசும் போயிடும். அதனால் எங்க குழுவில் இரண்டு பேராகத்தான் போவோம். ஒரு தடவை போனவங்க அடுத்த தடவை போகக் கூடாது. அன்றைக்கு அவங்க வீட்டு அடுப்பை மற்றவங்க பார்த்துக்கணும்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு வசூல் முடிந்ததும், "உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு?" என்று எல்லோரையும் கேட்கணும். இரண்டு கூட்டம் வராதவங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். மனசு ரொம்பத் தாங்கலை என்றால் 14416க்குப் போன் பண்ணுங்க, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மருத்துவரையும் பாருங்க.

அக்கா தங்கச்சிகளே, "முடியலை" என்று சொல்ல வெட்கப்படாதீங்க. அப்படி ஒருத்தி சொன்னால் பக்கத்தில் போய் உட்காருங்க.