பெயர் எழுதாத துண்டுகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது ஒரு விவாதப் போட்டிக்காக. அன்று தோற்றோம். நடுவராக இருந்த ஆசிரியை முன்வரிசையில் இருப்பதால் அதைப்பற்றி மேலும் பேசவில்லை.

‘பெண்களின் சுகாதாரத்தில் கல்வியும் உளவளத்துணையும்’ என்று தலைப்புத் தந்தார்கள். புத்தகத்தைப் பார்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆகவே செயலாளரிடம் ஒன்று கேட்டேன். சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் தங்கள் கேள்வியைப் பெயர் எழுதாமல் ஒரு துண்டில் எழுதிப் போடட்டும் என்றேன். அவரும் பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளையிட்டு வாசலில் வைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் வந்தன. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்தவர்கள் எழுதியவை. அவற்றில் பாதி வைத்தியக் கேள்விகளே அல்ல. ‘இதை யாரிடம் சொல்வது?’ என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு துண்டு: ‘மகள் தரம் ஆறு. பாடசாலையில் ஊசி போடப் போகிறார்களாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது ஏன்? கலியாணத்துக்குப் பிறகு போட்டால் போதாதா?’

போதாது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதன் 16ஆம், 18ஆம் வகைகள் மட்டுமே இந்நோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குப் பொறுப்பு. வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்னரே தடுப்பூசி போட்டால்தான் முழுப்பயன். அதனால்தான் 2017 முதல் நமது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தரம் ஆறு மாணவிகளுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. இதில் பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிய சந்தேகம் எதுவும் இல்லை. அம்மை நோய்க்கு ஊசி போடும்போது நாம் யாரையும் சந்தேகிப்பதில்லையே.

இந்தக் கேள்வி என்னை என் பழைய நாளுக்குக் கொண்டுபோனது. நான் பெரியபிள்ளையானபோது உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கத்தரிக்காயும் தந்தார்கள். மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். முந்நூறு பேர் வந்தார்கள். என் உடம்பில் என்ன நடந்தது என்று அந்த முந்நூறு பேரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சுகாதாரப் பாடத்தில் அந்த அத்தியாயம் வந்தபோது, ‘வீட்டில் வாசியுங்கள்’ என்றார்கள். வகுப்பில் நாற்பது பேரும் அதை வாசித்திருப்போம், வேறெந்த அத்தியாயத்தையும் விடக் கவனமாக!

இதே கொழும்பில் நூறு வருடங்களுக்கு முன்பே இதைப் பேசிய ஒரு வைத்தியர் இருந்தார். கனடாவில் பிறந்து, தமிழரான எஸ்.சி.கே. இரத்தினத்தை மணந்து, இந்த நாட்டவராகவே வாழ்ந்த டொக்டர் மேரி இரத்தினம். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். பாடசாலைகளுக்காகச் சுகாதார நூல் எழுதினார். 1937இல் நமக்கு அயலிலுள்ள பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண் அவர்தான். அதே ஆண்டில் குடும்பத் திட்டமிடல் கிளினிக் ஒன்றையும் திறந்தார், எதிர்ப்பும் வந்தது. 1958இல் மகசாசே விருது கிடைத்தது. பெண்ணின் உடம்பைப் பற்றி அவளுக்கே விளங்கப்படுத்த வேண்டும் என்பதுதான் அவர் வேலை. அது இன்னும் முடியவில்லை என்பதற்கு இந்த டின் சாட்சி.

இனி நான் தவறவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சி வைத்தியராக ஓர் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்த காலம். முதற்பிள்ளை பெற்ற ஓர் இளந்தாய் கிளினிக்குக்கு வந்தாள். தையல் ஆறியிருந்தது, இரத்த அழுத்தம் சரி, குழந்தையின் நிறையும் சரி. எழும்பும்போது, “நித்திரை வருகுதில்லை டொக்டர்” என்றாள். “கைக்குழந்தை இருந்தால் அப்படித்தான் தங்கச்சி” என்று சொல்லி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பதை நான் கேட்டறியவில்லை. மூன்று கிழமையில் அவளை மீண்டும் கண்டேன், விபத்துப் பிரிவில். உயிர் தப்பிவிட்டாள். நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதியிருக்கும்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாகப் போய்விடும். போகாமல் நின்றால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகெங்கும் குழந்தை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ 13 வீதமானோருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. வளர்முக நாடுகளில் ஏறத்தாழ 20 வீதம். இதைக் கண்டறிய 1987இல் ஸ்கொட்லாந்தில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பத்திரம் தயாரானது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். கடந்த ஏழு நாட்களைப் பற்றியே அது கேட்கும். நமது நாட்டில் தமிழிலும் சிங்களத்திலும் அது உண்டு. பிள்ளை பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதை நிரப்பிப் பார்க்கிறார்கள். நம் வீடுகளில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் அதே சமயத்தில்தான் வருகிறது. வீடு கழுவி, தலை முழுகி, விருந்தும் சமைக்கிறோம். அந்தத் தாயிடம், “உன் மனம் எப்படி இருக்குது பிள்ளை?” என்று கேட்பவர்கள் குறைவு. அழுதால் பால் வற்றிவிடும் என்று வாயை மூட வைப்பவர்களும் உண்டு.

பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்தும் எண்ணம் வந்ததா என்பது. மாமியார் பக்கத்தில் நின்றால் எவளும் ‘இல்லை’ என்றுதான் கோடிடுவாள். ஆகவே கூட வரும் மாமிமாருக்கு என் வேண்டுகோள்: பத்து நிமிடம் வெளி வாங்கில் இருங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

மொழியைப் பற்றியும் ஒரு துண்டு இருந்தது. கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவர் எழுதியது என்று ஊகிக்கிறேன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தனக்குச் சிங்களம் சந்தைப் பாஷை மட்டும். பாடசாலை போகும் மகனையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறாராம். ‘இரத்தப்போக்கைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்லச் சொல்வது? வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.’ வயிற்றுவலிக்குத்தான் மருந்தும் கிடைத்திருக்கும். இரு மொழியும் தெரிந்த பெண்கள் இந்த மண்டபத்தில் நூறு பேராவது இருப்பீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பலர் ‘பொழுது போகவில்லை’ என்கிறீர்கள். மாதத்தில் ஒரு காலை ஒரு தாயோடு கிளினிக் போய்வர முடியுமா? கேட்டதை வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் இதற்குத் தேவையான முதல் தகுதி. சங்கம் இதைப் பொறுப்பெடுத்தால் பயிற்சியை நான் தருகிறேன்.

வீட்டில் அடி வாங்குவதைப் பற்றி இரண்டு துண்டுகள். விபரம் இங்கே வாசிக்க மாட்டேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்தப்பட்டிருக்கிறார். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்ற அறை இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச. பொலிசுக்குப் போகத்தான் வேண்டும் என்று அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் ‘தையல் கடை’ என்று கைத்தொலைபேசியில் சேமித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

முப்பத்தைந்து கடந்த அக்காமாருக்கு: 1996 முதல் இந்த நாட்டில் ‘வெல் வுமன்’ கிளினிக்குகள் நடக்கின்றன, சுவநாரி என்றால் எல்லோருக்கும் தெரியும். இரத்த அழுத்தம், சீனி, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துக்கான பரிசோதனை எல்லாம் இலவசம். வெள்ளவத்தையில் நாம் தலையிடிக்கும் ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணுவோம். இந்தக் கிளினிக்கை மட்டும் ‘இல்லாதவர்களுக்கு’ என்று நினைத்துப் போகாமல் விடுவோம். இருக்கிறவர்களுக்கும் கர்ப்பப்பை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கடைசித் துண்டு. பச்சை மையில், அழகான கையெழுத்து. ‘இடது மார்பில் கட்டி ஒன்று. நோவில்லை. மகளுக்கு ஆவணியில் கலியாணம். அதன் பிறகு காட்டலாமா?’

இதை எழுதியவர் ஒருவேளை இப்போது இங்கே இருக்கலாம். அம்மா, அல்லது அக்கா, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் நோவில்லை என்பதை ஆறுதலாக எடுக்காதீர்கள். புற்றுநோய்க் கட்டியும் ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவதில்லை. கையால் பார்ப்பது, ஸ்கான் அல்லது மமோகிராம், தேவையென்றால் ஊசியால் சிறிது இழையம் எடுப்பது, இந்த மூன்றும்தான் பரிசோதனை. மகளின் கூறைச்சேலை எடுக்கப் போகும் நேரத்தை விட அதிக நேரம் எடுக்காது. ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகப் பலகாரம் சுடலாம். ஏதும் இருந்தால், இப்போதே தொடங்கும் சிகிச்சைக்கும் ஆவணிக்குப் பின் தொடங்கும் சிகிச்சைக்கும் வித்தியாசம் இருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மகளுக்குச் சொல்வதா என்பதையும் நாம் இருவரும் பேசி முடிவெடுக்கலாம்.

தேநீருக்குப் பிறகு நான் மேல்மாடியில் பழைய மனையியல் அறையில் ஐந்து மணி வரை இருப்பேன். விஞ்ஞான கூடத்துப் பக்கமாக உள்ள படியால் வந்தால் மண்டபத்திலிருந்து யாருக்கும் தெரியாது. பள்ளிக் காலத்தில் பிந்தி வரும்போது நாம் எல்லோரும் பாவித்த அதே படிதான். கதவைத் தட்டத் தேவையில்லை, திறந்தே வைத்திருப்பேன்.