கண்ணாடி துடைக்கப் போறீங்களா? முதலில் துணியைப் பாருங்கோ
(புதிதாக வந்தவர்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரை)

தோஹா தொழில்பேட்டைப் பக்கம் கிளீனிங் வேலைக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்வி இது: யன்னல் கண்ணாடிக்கு எந்தத் துணி நல்லது?

முதலாவது, இங்கத்தைய தூசியில் மணல் இருக்கு. காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறுப்படும், பழி உங்களில் வரும். தண்ணீர் விட்டு மணலைக் கழுவி, பிறகு ரப்பர் வைப்பரால் இழுங்கோ. ஓரத்து ஈரத்தை ஒற்றி எடுக்கத்தான் துணி.

இரண்டாவது, அதற்கு மைக்றோபைபர் துணி எடுங்கோ. கண்ணாடிக்கு வழுவழுப்பான நெசவு, சட்டத்துக்கு மொத்தமானது, வேறு நிறத்தில். புதுத் துவாய் வேண்டாம், தும்பு விடும். நிலத்தில் விழுந்த துணியைத் தோய்க்காமல் திரும்பக் கண்ணாடியில் வைக்காதேங்கோ.

மூன்றாவது, மைக்றோபைபரைக் கொட்டன் துணியோடு தோய்க்கக் கூடாது, தும்பு ஒட்டும். வாசனைத் திரவம் போட்டால் ஈரம் உறிஞ்சாது.

துணியைவிட உயிர் பெரிது. 2021ஆம் ஆண்டு விதிப்படி ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. பாதுகாப்புப் பெல்ட்டுக்கு உங்கள் சம்பளத்தில் காசு வெட்டவும் கட்டார் தொழிற்சட்டம் இடம் கொடுக்காது.

ஒன்று மறக்காதேங்கோ: உங்கள் பத்திரத்தில் இல்லாத கம்பனிக்கு அனுமதியின்றி வேலை செய்தால் பிடிபடலாம், திருப்பி அனுப்பப்படலாம். தஞ்சம் கேட்டு வந்தவருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. வேலைக்குச் சம்மதிக்க முன் பத்திரங்களோடு எங்களிடம் வாங்கோ, சேர்ந்து பார்ப்போம்.